பத்தாம் பகுதியில் இருந்து பாருங்கோ

"முதல் ஒன்பதையும் விட்டுத்தள்ளுங்கோ. பத்தாம் பகுதியில் இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகுதான் நாடகம்."

இது நான் சொன்னதில்லை. திருகோணமலையில் இருந்து நாங்கள் எடுத்த 'அந்தரக் கப்பல்' என்ற விண்வெளித் தொடரை, இத்தனை காலம் கழித்து யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே முன்பின் தெரியாத சனம் இப்படி எழுதிவைத்திருக்கிறது. கனடாவில் இருந்து ஒருவர், மூதூரில் இருந்து ஒருவர், எங்கே இருந்தென்றே தெரியாத இன்னும் பலர். எல்லாருக்கும் ஒரே கதைதான். தொடக்கம் படுமோசம், போகப் போகத் திறம்.

வாசிக்க எனக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அந்த மோசமான ஒன்பதையும் வெட்டி ஒட்டியவள் நான். திறமான மிச்சத்தை வெட்டி ஒட்டியவளும் நான்தான். அதே கை, அதே கணினி, ஒரு கால் ஆடுகிற அதே கதிரை. ஒன்பது முடிந்து பத்து தொடங்குவதற்கு இடையில் எனக்குக் கொம்பு ஒன்றும் முளைக்கவில்லை.

போன மாதம் எங்கள் பழைய அலைவரிசைப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். அது இப்போது ரீவியில் இல்லை, போனில்தான் ஓடுகிறது. என்னுடைய இடத்தில் இப்போது சிந்துஜா என்ற பிள்ளை இருக்கிறாள். அவள்தான் கேட்டாள்.

"தவமக்கா, பத்தாம் பகுதியில என்னத்த மாத்தினீங்கள்? அதைச் சொல்லுங்கோ, நாங்களும் மாத்திப் பாப்பம்."

நான் பொறுமை, உழைப்பு, கூட்டு முயற்சி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கே தெரியாத ஒன்றுக்கல்லவா கைதட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் எனக்கு விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியதா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

நான் வேலை பழகியது கலியாண வீடியோவில். நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே முதலாளி படிப்பித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு முகமும் விடுபடக்கூடாது. தாலி கட்டுவது மங்கலாக வந்தாலும் மன்னிப்பார்கள். சின்ன மாமியின் முகம் வராவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். குடும்பத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில். அவர்கள் வீடியோவைப் போட்டுப் போட்டு முகங்களைத்தான் தேடுவார்கள். "எங்கட அப்பா ஒரு இடத்திலயும் இல்லையே, வேணுமெண்டுதானே வெட்டினனீங்கள்?" என்று கொழுவ வந்த சனத்தை நான் கண்டிருக்கிறேன். ஆகவே யார் என்ன கதைத்தாலும் சுற்றியிருக்கிற எல்லா முகத்தையும் ஒருமுறை காட்டிவிட்டு வருவது என் கையோடு ஊறிவிட்டது.

அந்தக் கையோடுதான் அலைவரிசைக்குப் போனேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் குலசேகரம் சேர். முன்னர் வானொலி நாடகம் எழுதியவர். மெலிந்த மனிதர், சத்தம் போடமாட்டார். நான் ஒரு பகுதியை வெட்டி முடித்ததும் வந்து என் கதிரைக்குப் பின்னால் நிற்பார். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். முழுவதையும் நின்றபடியே பார்ப்பார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "ம்... பாப்பம்" என்பார்.

அவ்வளவுதான். பிடித்திருந்தாலும் "ம்... பாப்பம்." பிடிக்காவிட்டாலும் "ம்... பாப்பம்." முதல் வருடம் நான் அந்த 'ம்' நீளமா கட்டையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கோதாரியும் விளங்கவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

அந்த மனிதர்தான் ஒருநாள், "நாங்கள் விண்வெளிக் கதை ஒண்டு எடுக்கப் போறம்" என்றார். எங்களிடம் இருந்தது இரண்டு கமரா. அதிலும் ஒன்று வெயில் பட்டால் நின்றுவிடும். கதை என்னவென்று கேட்டேன். முற்றத்தில் இருந்த வாளித் தண்ணீரில் தேத்தண்ணிக்குப் பிழிகிற ஒரு தேசிக்காயைப் போட்டுக் காட்டினார்.

"தண்ணிதான் வானம். தேசிக்காய்தான் கப்பல். இப்ப வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தா, தேசிக்காய் போகுதா நிக்குதா?"

"போகுது சேர்."

"தேசிக்காய்க்கு அது தெரியுமோ?"

"அப்ப கப்பல் போகுதோ நிக்குதோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"அதுதான் தவமணி கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தேசிக்காயை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், தொடர் முடியும்வரை அந்தக் கப்பல் போகிறதா நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஊரை விட்டுப் புறப்பட்ட ஐந்து பேர் வானத்தில் வழி தவறிவிட்டார்கள், திரும்பிப் போக வேண்டும். இவ்வளவும் விளங்கியது. மிச்சமெல்லாம் சேருக்குத்தான் வெளிச்சம்.

துறைமுகப் பக்கமாக ஒரு பழைய பண்டகசாலையைப் பிடித்தோம். தகரக் கூரை, அதன்மேல் காகம். கப்பல் ஒன்று ஊதினால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விண்கலத்தின் உள்ளறையைச் செய்யச் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருந்து செல்வண்ணையைக் கூட்டிவந்தார் சேர். செல்வண்ணை மீன்பிடி வள்ளம் செய்கிறவர். பைபரில் அவர் செய்கிற வேலை கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மாதம் ஒருவரையும் உள்ளே விடாமல் செய்து முடித்தார். திறந்து பார்த்தால் எல்லாம் அழகு. ஆனால் தலைவனின் இருக்கை பின்னந்தலைப்பில் இருந்தது. பக்கத்தில் ஒரு பிடியும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாலு பேரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னுக்குப் பார்த்து இருக்க வேண்டும்.

"செல்வம், தலைவனை முன்னுக்கு வைக்கச் சொன்னனானெல்லோ?"

"என்ன சேர் கதைக்கிறீங்கள்? மோட்டர் பின்னுக்குத்தானே? ஓட்டுறவன் முன்னுக்கிருந்து என்னத்தைப் பிடிக்கிறது?"

சேர் கண்ணாடியைத் துடைத்தார். "ம்... பாப்பம்" என்றார். திரும்பச் செய்ய வசதியும் இல்லை. வானத்தில் போகிற கப்பல் எங்கள் ஊர் வள்ளம் மாதிரியே நின்றது.

அந்தப் பின்னந்தலைப்பில் தலைவனாக இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரமீஸ் நானா. அங்கே அண்ணனை நானா என்பார்கள். மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்தில் வேலை. அதற்கு முன் ஊரில் மேடை நாடகம் நடித்து, "நாடகப் பைத்தியம்" என்று பெயர் வாங்கியவர். நல்ல குரல். மனிதனும் தங்கம். ஆனால் நடிப்பு! என்ர கடவுளே. ஒரு சின்னச் செய்தி கேட்டாலும் இரண்டு புருவமும் போய் மயிர்க்கரையைத் தொடும். கண் பிதுங்கும். "எரிபொருள் குறைகிறது" என்ற வசனத்துக்கு வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, மூக்கு விடைத்து, எல்லாம் நடக்கும். அவருக்கு அந்தத் தலைவன் வேடம் என்றால் உயிர். வேலை முடிந்து ஐஸ் ஈரம் காயாத சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் பறந்து வருவார். இப்போது ஊரில் அவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை. "கெப்டன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு வந்து சொல்லிச் சிரிப்பார்.

முதல் ஒன்பது பகுதியும் எப்படி இருந்தன என்று நான் மறைக்கப் போவதில்லை. ரமீஸ் நானா பின்னால் இருந்து ஒரு சொல் சொல்லுவார். உடனே நாலு பேரும் கழுத்தைத் திருப்பி, பஸ்ஸில் கொண்டக்டரைப் பார்ப்பது போல் அவரைப் பார்ப்பார்கள். நான் அவரின் புருவத்தைக் காட்டுவேன். பிறகு ஒவ்வொரு முகமாகக் காட்டுவேன். நடித்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பிள்ளைகள். ஒருவரை விட்டால் தாய்மார் அலைவரிசைக்கே வந்துவிடுவார்கள். கதை எங்கே போகும்? முகங்களை எண்ணி முடிக்கவே நேரம் போய்விடும்.

இதில் மான் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் நகரத்தில் மான்கள் மாடு போல் திரிவது உங்களுக்குத் தெரியும். வேற்றுக் கோளில் இறங்குகிற காட்சியைக் கடற்கரைப் பக்கம் எடுத்தார்கள். அந்தக் கோளின் செடி என்று முட்டைக்கோவாவுக்கு ஊதா நிறம் அடித்து நட்டிருந்தார்கள். ஒரு புள்ளிமான் நிதானமாக வந்து அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் துப்பிவிட்டுப் போனது. நான் அதை வெட்டியிருக்க வேண்டும். ஆனால் நிரோஜினியின் முகம் தெளிவாக இருந்த ஒரே இடம் அதுதான். நிரோஜினி எங்கள் தொடரில் வழிகாட்டிப் பெண்ணாக நடித்த பிள்ளை. அவளின் தாய் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். மானோடு சேர்த்தே போட்டேன். அடுத்த நாள் முழுக்கத் தொலைபேசி. "அங்க மான் என்னண்டு போனது? நீந்தியோ?"

சேர் அன்று என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஒன்பதாம் பகுதி ரீவியில் போன கையோடு ரமீஸ் நானாவின் முகம் போய்விட்டது. ஒரு விடியற்காலை கிண்ணியாப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க வந்தாராம். மத்தியானம் பிளேன்ரீ குடிக்க, அது வாயின் ஒரு பக்கத்தால் வழிந்ததாம். இடது பக்கம் அப்படியே தொங்கி விழுந்துவிட்டது. கண் மூடாது. புருவம் ஏறாது. ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். சிலருக்குக் கெதியாகச் சுகம் வரும், சிலருக்குக் காலம் எடுக்கும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும் என்றார்களாம்.

அலைவரிசை முதலாளி ஏற்கனவே மானால் நொந்துபோயிருந்தார். அவர் சேரைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார். வேறு தலைவனைப் போடு, இல்லையென்றால் தொடரை நிறுத்து. சேர் இந்தச் செய்தியை என் அறையில் வந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரமீஸ் நானா வாசலில் நிற்கிறார். முகம் துடைக்கிற லேஞ்சியை வாயில் பொத்திப் பிடித்திருந்தார். கேட்டுவிட்டார் என்று கண்ணைப் பார்க்கவே தெரிந்தது.

"சேர்" என்றார். சொல் வழுக்கியது. "என்ன அந்தக் கதிரையில இரிக்க மட்டும் விடுங்க. ஒண்டும் பேசல்ல. முகத்தைக் காட்டல்ல. சும்மா இரிக்கன்."

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஆள அதுல இருத்தினா, மறுகா நான் ஊருக்குள்ள என்னண்டு போறது? தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க."

"நானா, முதலில இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அதன் ஆடுகிற கால் அன்றைக்கென்று பார்த்து மடங்கப் பார்த்தது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள், இன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ சேர், சொன்னால் கத்துவன் என்று நினைத்தேன்.

"ம்... பாப்பம்" என்றார். நான் கத்தவில்லை.

பத்தாம் பகுதியை எடுத்தார்கள். நானா பின்னந்தலைப்பில் இருந்தார். கமராவை முன்னுக்கு வைத்து நிரோஜினியின் முகத்தைப் பிடித்தார்கள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், மங்கலாக ஒரு உருவம் பிடியைப் பிடித்தபடி இருக்கும். அதுதான் தலைவன். சேர் வசனங்களையும் திருத்தி எழுதினார். நானாவுக்கு உதடு சேராது. ப, ம போன்ற எழுத்துகள் வாயில் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே அந்த எழுத்துகள் இல்லாத சொற்கள் மட்டும். "இரு." "கேள்." "நேரே." முன்னர் ஒரு பக்கம் பேசிய தலைவன் இப்போது ஒற்றைச் சொல்லில் நின்றார்.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். கப்பலில் எல்லாரும் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். நிரோஜினி திரும்பிப் பார்க்காமல் கேட்கிறாள்: "நாங்கள் வீட்ட போவமா?" அதற்குத் தலைவன் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வோம். அந்த ஓம் நானாவின் வாயில் வராது. "சரி" என்று சொல்லவைத்துப் பார்த்தார்கள். அது கடைக்காரன் சொல்வது போல் இருந்தது.

சேர் என்னிடம் வந்தார். "உம்மட்ட பழைய ஓம் ஏதும் கிடக்கோ?"

இரண்டு நாள் பழைய ஒன்பது பகுதிகளின் வெட்டுத் துண்டுகளை எல்லாம் கேட்டேன். நானாவின் ஓம் நிறைய இருந்தது. எல்லாம் கத்துகிற ஓம், கர்ச்சிக்கிற ஓம். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், காட்சி முடிந்த பிறகு கமராவை நிறுத்த மறந்த ஒரு துண்டு அகப்பட்டது. யாரோ "நானா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். பாவம், வேலைக் களை. அவர் மெல்ல, நடிக்காமல், "ஓம்" என்கிறார். அது சாப்பிட்ட ஓமா, சாப்பிடாமல் சொன்ன ஓமா என்றுகூடத் தெரியாது. அதை எடுத்து வைத்தேன்.

இனி வெட்டவேண்டும். நிரோஜினி கேட்கிறாள். என் கை பழக்கத்தில் தலைவனின் முகத்துக்குப் போகப் பார்க்கிறது. முகம் இல்லை. மற்றவர்களைக் காட்டலாம் என்றால், நானாவைக் காட்டாமல் அவர்களை மட்டும் காட்டுவது எனக்கு என்னவோ செய்தது. போக ஒரு இடமும் இல்லாமல் அவளின் முகத்திலேயே நின்றேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள். பின்னால் மங்கலாக அந்த உருவம் அசையாமல் இருக்கிறது. கலியாண வீடியோவில் இவ்வளவு நேரம் ஒரு முகத்தில் நின்றால் சம்பளம் இல்லை. பிறகு மெல்ல அந்த "ஓம்." அவளின் கண் நிறைந்தது. நான் கணினிக்கு முன்னால் இருந்து விக்கி விக்கி அழுதேன். சோற்றுக்குச் சொன்ன ஓம் என்று தெரிந்துகொண்டும் அழுதேன்.

அது போன அடுத்த நாளும் தொலைபேசி ஓயவில்லை. இந்த முறை ஒருவரும் மானைக் கேட்கவில்லை. "அந்தக் கெப்டன் என்ன நினைக்கிறார் எண்டு சொல்லுங்கோ. அவர் பொய் சொல்லுறாரோ?" என்று கேட்டார்கள். எங்களுக்கா தெரியும்? முதலாளியும் பேசாமல் போய்விட்டார். வேறு தலைவன் என்ற கதை அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியும் முந்தினதைவிட நல்லாக வந்தது. யாரும் தலைவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே கதையாகிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் இருந்து ஒருவன் ஓட்டுகிறான். அவனுக்கு வழி தெரியுமா தெரியாதா என்று அவர்களுக்குத் தெரியாது. செல்வண்ணை தெரியாமல் வைத்த இருக்கை இப்போது வேண்டுமென்று வைத்தது போல் ஆகிவிட்டது. சேர் இதையெல்லாம் முன்னரே நினைத்திருந்தாரா? கேட்டுப் பார்த்தேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நானாவின் முகம் சரிவரவில்லை. மாதங்கள் போயின. லேஞ்சி வாயை விட்டுப் போகவில்லை. ஒருநாள் அவரின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. வீடியோவை நான்தான் வெட்டித் தரவேண்டும் என்று கேட்டார். அலைவரிசை முழுவதும் கிண்ணியாவுக்குப் போனோம். முதலாளியும் வந்தார். சாப்பாடு அப்படி ஒரு சாப்பாடு. நானா ஒரு மூலையில் லேஞ்சியோடு நின்றார்.

"தங்கச்சி, ஒரு உதவி. என்ட முகத்தைப் போடாதீங்க. புள்ளைட சந்தோசத்துல இந்தக் கோணல் எதுக்கு?"

நான் போடவில்லை. மணமகனின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்கிற இடத்தில் இரண்டு கைகளை மட்டும் போட்டேன். என் வேலைக் காலத்தில் மணமகளின் தகப்பன் முகம் இல்லாத கலியாண வீடியோ அது ஒன்றுதான். அந்தப் பிள்ளை அதைத்தான் கட்டாருக்குக் கொண்டுபோனாள்.

கடைசிப் பகுதியில் சேர், தலைவன் திரும்பவேண்டும் என்றார். கப்பல் கரையைக் கண்டுவிட்டது. பத்தாம் பகுதிக்குப் பிறகு எல்லாரும் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்க்கிறார்கள். நாங்களும் பார்க்கிறோம். பாதி முகம் விழுந்துபோய் இருக்கிறது. மற்றப் பாதி சிரிக்கப் பார்க்கிறது. மூடாத அந்தக் கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் இறங்குகிறது. புருவம் அசையவில்லை. இணையத்தில் இன்றைக்கும் சனம் அந்த முகத்தைத்தான் வெட்டி வெட்டிப் போடுகிறது. நான் அதை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அவரின் வருத்தத்தைப் படம் பிடித்துக் காசாக்கிவிட்டோமே என்று அப்போது எனக்கு மனவருத்தமும் இருந்தது.

தொடர் முடிந்தது. குலசேகரம் சேரும் சில வருடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் ஓய்வுக்கு வந்துவிட்டேன்.

சிந்துஜாவின் கேள்வி என்னை இருக்கவிடவில்லை என்று சொன்னேனே. போன கிழமை பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நானா வீட்டு முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். இரண்டு பக்கமும் சரிசமமாக நல்ல சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ், முகம் நல்லாச் சுகம் வந்திட்டுது நானா! எப்ப வந்தது?"

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவரின் மனைவி பிளேன்ரீ கொண்டுவந்தார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

"சொல்லட்டா?" என்று கேட்டார் நானா.

"சொல்லுங்க. இனி ஆரு கேக்கப் போறா" என்றார் மனைவி.

"தங்கச்சி, பதினோராவது எடுக்கக்குள்ளயே சுகம்."

எனக்கு விளங்கவில்லை. "என்னது?"

"முகம் வந்திட்டு. ஒருநாள் காலையில வாய் கொப்புளிக்கன், தண்ணி ஒழுகல்ல. கண்ணாடியில பாத்தன். புருவம் ஏறுது."

"அப்ப லேஞ்சி?"

"அது சும்மா."

"கடைசிப் பகுதி?"

"அது நடிப்பு."

"கண்ணில தண்ணி வந்ததே நானா!"

"கண்ண மூடாம இருந்தா தண்ணி தானா வரும்தானே."

பிளேன்ரீயை நிலத்தில் வைத்துவிட்டேன். நடிக்கவே தெரியாத மனிதன் என்று நான் நினைத்த ஆள், மாதக்கணக்காக எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடித்திருக்கிறார். அந்த முகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"ஏன் நானா? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"யோசிச்சுப் பாருங்க. என்ட முகம் நல்லா இரிக்கக்குள்ள நாடகம் நல்லா இரிக்கல்ல. முகம் கோணினாப்போல சனம் பாக்குது, அழுகுது. மறுகா நான் ஏன் சுகமாகணும்? சுகமெண்டு சொன்னா சேர் என்னத் திருப்புவாரு. வசனம் தருவாரு. நான் பழையபடி..." இரண்டு புருவத்தையும் மேலே ஏற்றிக் காட்டினார். "இதுதானே செய்வன். எனக்கு இது ஒண்டுதானே தெரியும். கதிரை மறுகாப் போயிரும்."

எனக்கு வந்த கோபத்தை என்னால் அடக்க ஏலாமல் போய்விட்டது. "மகள்ட கலியாணத்திலயும் நடிச்சனீங்களோ? கையைப் பிடிச்சுக் குடுக்கேக்கயும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பதில் சொன்னார். "நானும் இதத்தான் அண்டைக்குக் கேட்டன். முதலாளி வந்திரிக்காரு, எல்லாரும் வந்திரிக்காங்க எண்டாரு. புள்ள இப்பவும் அந்த வீடியோவப் போட்டா, வாப்பாட கையத்தான் பாக்குதாம்."

பிறகு எனக்கு ஒன்று நினைவு வந்தது. "குலசேகரம் சேருக்கு இது தெரியுமோ?"

"ஒருநாள் தனிய இரிக்கன் எண்டு நெனச்சு வெத்திலை போட்டுக்கிட்டு இரிந்தன். நல்லாச் சப்பிக்கிட்டு. திரும்பிப் பாத்தா, சேர் பின்னால நிக்காரு. எல்லாத்தையும் பாத்திட்டாரு."

"என்ன சொன்னார்?"

"கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு."

"பிறகு?"

ரமீஸ் நானா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தொடரை நல்லாக்கியது யார்? இருக்கையைப் பின்னால் வைத்த செல்வண்ணையா? பாலத்துக் காற்றா? போக இடமில்லாமல் ஒரு முகத்தில் நின்ற என் கையா? பார்த்தும் பார்க்காதவர் போல் நின்ற சேரா? இல்லை, தன் முகத்தையே ஒளித்துவைத்த இந்த மனிதரா? சிந்துஜாவுக்கு நான் என்னவென்று சொல்வது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புறப்படும்போது என் போனை எடுத்தேன். "நானா, நிமிந்து இருங்கோ. மகளுக்கு ஒரு வீடியோ அனுப்புவம். முகத்தோட."

"இப்பவா? என்னத்தச் சொல்ற?"

"வாப்பா சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவே காணும்."

அவர் சேட்டுக் கழுத்தைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். நான் பிடிக்கத் தொடங்கினேன். "மகள்" என்றார். அவ்வளவுதான், இரண்டு புருவமும் மயிர்க்கரைக்குப் போய்விட்டன. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. "வாப்பா நல்ல சுகமாக இருக்கிறேன் மகள்!" என்று விண்வெளி முழுக்கக் கேட்கிறாற்போல் ஒரு கத்து. முதல் ஒன்பது பகுதியில் இருந்த அதே நடிப்பு, ஒரு துளியும் குறையவில்லை. பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. புருவம் மெல்ல மெல்ல இறங்கியது. உதடு நடுங்கியது, இரண்டு பக்கமும்.

நான் அதில் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. அப்படியே கட்டாருக்கு அனுப்பிவிட்டேன்.